எக்ஸ் பார்ட்டி

பிரேசர் டவுனில் பிரிஜெட் மிஸ்ஸிடம் இங்கிலீஷ் படித்த பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: சொல்லுக்கு முன்னால் 'எக்ஸ்' வந்தால், முன்பு இருந்தது, இப்போது இல்லை. எக்ஸ் மினிஸ்டர், எக்ஸ் ஸ்டூடண்ட். மிஸ்ஸின் காலமான கணவர் யூஜின், எக்ஸ் சர்வீஸ்மேன். எக்ஸிட், எக்ஸ்போர்ட் என்றால் வெளியே. அதற்குமேல் எக்ஸில் ஒன்றும் கிடையாது என்பது மிஸ்ஸின் தீர்ப்பு. இங்கிலீஷில் தன்னை ஒருவர் திருத்துவதா என்ற வீம்பு அவளுக்கு நிறையவே உண்டு.

1997-இல் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். யூஜினோடு குடிவந்த வீடு, மகள் கேரல் பிறந்த வீடு. வக்கீல் வைக்காமல் பிரிஜெட் தானே கோர்ட்டுக்கு அலைந்தாள். பள்ளிப் பரீட்சையன்று ஒரு வாய்தா தவறிவிட்டது. மறுநாள் பதறிக்கொண்டு ஓடினாள்.

"நிம்ம கேஸ் எக்ஸ் பார்ட்டி ஆயித்து, மேடம்" என்று கன்னடத்தில் சொன்னான் கோர்ட் சிப்பந்தி. அவள் கேஸ் எக்ஸ் பார்ட்டி ஆகிவிட்டதாம்.

பார்ட்டி என்றால் வழக்காளி. எக்ஸ் பார்ட்டி என்றால் முன்னாள் வழக்காளி. விட்டது சனி என்று நினைத்துக்கொண்டாள். அவனிடமே விவரம் கேட்டிருக்கலாம். இங்கிலீஷ் மிஸ் போய்ச் சிப்பந்தியிடம் இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்பாளா?

"இனிமே அந்தக் கேஸ்ல நாம பார்ட்டியே இல்லடி" என்று கேரலிடம் சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்துக் கோர்ட் அமீனா வந்து, திங்கட்கிழமை வீட்டைப் பூட்டப்போவதாகச் சொன்னார். அவள் முதன்முறையாக வக்கீல் ஸ்ரீகண்டனிடம் ஓடினாள்.

"ஒரு சைடு வரலேன்னா இன்னொரு சைடை மட்டும் கேட்டுத் தீர்ப்பு குடுத்துடுவாங்கம்மா. அதான் எக்ஸ் பார்ட்டி. லத்தீன் வார்த்தை. எக்ஸ்னா இங்க 'லேர்ந்து'ன்னு அர்த்தம். ஒரு பக்கத்துலேர்ந்து."

"எக்ஸ்னா முன்னாள் சார்" என்றாள். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். ஆனா இத்தனை மாசம் ஏன் வரலேன்னு நம்பற மாதிரி காரணம் சொல்லணும்."

திங்கட்கிழமை கேரலைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? பிரிஜெட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. மானம் போனால் போகட்டும்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால புரியலேன்னு எழுதுங்க சார்."

ஸ்ரீகண்டனின் முகம் தெளிந்தது. இது நிற்கும் என்றார். உற்சாகமாகப் பேனாவைத் திறந்து, பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"