ராப்பருக்கு நான் வைத்த பெயர்

எண்ணூர் சாலையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில், ஓய்வு பெற்ற பிறகும் என்னை ஆலோசகராக வைத்திருக்கிறார்கள். அங்கே புரோகிராம் எழுதும் முறைக்கான விதிகளை வகுத்தவன் நான். எல்லோரும் வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் வாசித்தவள் ஒருத்திதான். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ராயபுரத்துப் பெண்.

'கேட்_ஓபன்' என்ற ஃபங்ஷன், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, வாசல் தடுப்பைத் தூக்கும், வேறெதையும் பார்க்காது. அதைச் சுற்றி இன்னொன்று உண்டு, ராப்பர் என்போம். சுங்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் உள்ளே இருப்பதை அழைத்து இயக்கும். உள்ளே இருப்பதன் பெயரோடு '_ராப்பர்' என்று வால் சேர்த்தால் அதுவே வெளியே இருப்பதன் பெயர். இது என் விதி. வெளியே இருப்பதைத்தான் அழைக்க வேண்டும் என்பதும்.

அவள் ஆட்சேபித்தாள். "அவசரத்துல கை சின்ன பேருக்குத்தான் சார் போவும். செக் பண்றதுக்கு சின்ன பேரு குடுங்க. செக் பண்ணாததுக்கு நாலு முழத்துக்கு ஒரு பேரு வைங்க, அடிக்கும்போதே பயம் வரட்டும்."

ஒருவருடைய விரலுக்காக விதி மாறாது என்று பதில் எழுதினேன். அந்த வாக்கியத்தில் அன்று எனக்குப் பெருமை.

ஒரு மழை நாளில் லாரி வரிசை டோல்கேட் வரை நின்றது. மேலாளர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்க, வாசல் புரோகிராமில் ஒரு வரியை அவள் அவசரமாக மாற்றினாள். அழைக்கும் பெயரில் வாலை விட்டுவிட்டாள். அனுமதி இல்லாத டிரெய்லர் ஒன்று வெளியே போனது. கொஞ்ச தூரத்திலேயே மடக்கித் திருப்பினார்கள், நஷ்டமில்லை. ஆனால் அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். விதி இருக்கிறது, மீறப்பட்டிருக்கிறது என்றேன். இரண்டும் உண்மை. அவள் என்னைப் பார்த்தாள்.

வெளியே டீக்கடையில் அவளிடம், முன்பே ஆட்சேபித்ததைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன் சார்."

டீயை வைத்துவிட்டு மாடி ஏறினேன். தப்பு என் விதியில்தான் என்று மேலாளரிடம் சொன்னேன். அப்படியானால் மாற்றிவிடுங்கள் என்றார், ஜன்னலைச் சாத்தச் சொல்வது போல. அவளைப் பற்றிக் கேட்டேன். அறிக்கை தலைமையகத்துக்குப் போய்விட்டதாம், என்னுடைய இரண்டு உண்மைகளோடு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவள் சொன்னபடியே விதியை மாற்றினேன். இப்போது சின்னப் பெயர் ராப்பருக்கு. 'திருத்தத்தை முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரைப் போடப் பார்த்தேன். பணியில் இல்லாதவர் பெயர் அங்கே வரக்கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான்.

அங்கே என் பெயர் இருக்கிறது.