பெட்டிக்கு ஒரே எழுத்து

எண்பதுகளின் கடைசியில் சிலிபின் என்ற ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கணினியில் தமிழ் எழுத்துக் கோப்பது என் வேலை. முதலாளி தமிழ் முஸ்லிம். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணே. அச்சடிப்பது தாப்பாவில் இருந்த கிளையில். அங்கே இயந்திரம் ஓட்டியவர் ஒரு சீனர். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கத் தெரியாது.

முதலில் டிஸ்கெட்டில்தான் வேலையை அனுப்பினோம். அவர் அதைத் தன் கணினிக்குள் நகலெடுத்துக்கொண்டு அடிப்பார். டிஸ்கெட்டுகள் அடிக்கடி கெட்டுப்போனதால், வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை அண்ணே வாங்கினார். பிஸ்கட் டின் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துத் தாப்பாவுக்குக் கொண்டுபோனேன். சிலிபின் கணினி அந்தப் பெட்டியை 'டி' என்ற ஆங்கில எழுத்தால் அழைத்தது. தாப்பாவில் அந்தச் சீன அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

"டியில இருக்கு அண்ணே. அடிச்சிடுங்க."

பெட்டியில் போன முதல் வேலை ஒரு கல்யாணப் பத்திரிகை. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தம் மகளுக்காகக் கொடுத்தது. மாதிரித் தாளை வாங்கி நின்றபடியே சத்தமாகப் படித்தார். "எம்பேர இன்னுங் கொஞ்சம் பெருசா போடலாமா?" என்று கேட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரித்தார். பெருசாகத்தான் போட்டேன். அப்போது பெட்டி வந்திருக்கவில்லை, அதனால் அது டிஸ்கெட்டில்தான் தாப்பாவுக்குப் போயிற்று. அச்சாகும் முன்பே அவர் மாரடைப்பில் போய்விட்டார். வைத்த முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம் என்று குடும்பத்தில் முடிவெடுத்தார்கள். அழைப்பவர் இடத்தில் தாயின் பெயரைப் போட்டு, தந்தை பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, அதே கோப்புப் பெயரில் புதுப் பெட்டியில் பதிந்து வைத்தேன். அதைத்தான் மடிமேல் வைத்துத் தாப்பாவுக்குக் கொண்டுபோனேன்.

பத்திரிகைக் கட்டுகள் வந்த அன்றே, ஃபேக்டரி உடுப்போடு மணப்பெண் வந்தாள். ஒன்றை உருவிப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அப்பாதான் கூப்புடுறாரு."

வாங்கிப் பார்த்தேன். பழைய பத்திரிகை. பெரிய எழுத்தில் அவர் பெயர். உள்ளேயிருந்து வந்த அண்ணே பார்த்துவிட்டு, "மன்னிச்சிரும்மா, நாளைக்கே வேற அடிச்சித் தாரோம்" என்றார். அவள் கோபப்படவில்லை.

"அம்மா கண்ணுல படாம பாத்துக்குங்க. இத எல்லாம் தூக்கிப் போட்டுருங்க. எனக்கு மட்டும் ஒன்னு வேணும்."

அட்டையை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தாப்பா போனேன். சீன அண்ணன் முகம் சிவந்திருந்தது. "நீ டி சொன்ன, நா டி அடிச்சேன் லா!" அவர் செய்தது சரிதான். டியைத் திறந்து பார்த்தேன். டிஸ்கெட்டிலிருந்து அவர் நகலெடுத்த பழைய பத்திரிகை அங்கே இருந்தது. அந்தக் கணினியின் உள் டிஸ்க் சி, டி என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதற்கப்புறம் வந்த பெட்டிக்கு 'ஈ' கிடைத்திருக்கிறது. அந்த எழுத்து பெட்டியோடு ஒட்டிய பெயர் இல்லை, வரிசையில் கிடைத்த இடம் என்று அப்போதுதான் புரிந்தது. பிழையாக எதுவுமே நடக்காமல் ஒரு பெரிய பிழை நடந்திருந்தது. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

கணினியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் இடத்துக்கு நமக்கு வேண்டிய எழுத்தைச் சூட்டலாம் என்று ஒரு கட்டளை இருந்தது. இரண்டு கணினியும் தாமாகப் போய்ச் சேராத எழுத்தாகப் பார்த்து 'எக்ஸ்' என்று எடுத்தேன். முதலில் அப்படி ஓர் எழுத்தே கிடையாது என்று திரை மறுத்தது. கணினி கிளம்பும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில், எக்ஸ் வரைக்கும் எழுத்துகள் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, அதை அணைத்துப் போட்டபின் ஒப்புக்கொண்டது. தாப்பாவில் ஈயை எக்ஸ் ஆக்கினேன். சிலிபினுக்குத் திரும்பியதும் டியை எக்ஸ் ஆக்கவேண்டும்.

"பழசு இருக்கே, அழிச்சிடவா?" என்று அவர் கேட்டார்.

அழிக்கத்தான் வேண்டும். ஆனாலும் அதை ஒருமுறை திறந்து, பெரிய எழுத்தில் இருந்த அந்தப் பெயரைப் படித்தேன். கணினிக்கு அது ஒரு பழைய கோப்பு, அவ்வளவுதான். நான் தலையாட்டியதும் அவர் விசையை மெதுவாக அழுத்தினார்.

புதிய பத்திரிகை எக்ஸிலிருந்து அச்சானது. முதல் தாளை ஒவ்வொரு எழுத்தாக நான் சத்தமாகப் படித்தேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முதல் எந்தத் தமிழ் வேலையானாலும், சிலிபினுக்குப் போன் போட்டு, தாப்பா கடைக்கு வந்த தமிழ் படிக்கத் தெரிந்த யாரையாவது விட்டு முதல் தாளை எனக்குப் படித்துக் காட்டச் சொல்வார். எக்ஸ் அதன்பின் ஒருநாளும் மாறவில்லை. ஆனாலும் அவர் போன் போடுவதை விடவில்லை. "கம்ப்யூட்டர் சரியா சொல்லும் லா, ஆனா நீயும் கேட்டுக்கோ" என்பார்.