பட்டியில் கட்டிய குளம்

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் பட்டி நோம்பி. மாட்டுப்பட்டிக்குள் சாணியால் கரை கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் தூவி ஒரு சின்னக் குளம் கட்டுவோம். பூசை முடிந்ததும் கன்றை அதில் மிதிக்கவிட்டால் பட்டி பெருகும் என்பது நம்பிக்கை. பல்லடத்தைச் சுற்றிப் பல வீடுகளில் இன்றும் இதுதான் வழக்கம்.

எனக்கு எட்டு வயதான வருடம், குளம் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கரை நிற்கவே மாட்டேன் என்றது. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஒழுகிப்போக, எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, மாமா லாரி விபத்தில் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். நான்கு மாடுகளுக்கும் பால் கறப்பது, தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது எல்லாம் அவள்தான். நோம்பியன்று மட்டும் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். தாலி இல்லாதவள் பூசைக் காரியத்தில் கை வைக்கக்கூடாது என்ற சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. தலைவலியை நம்பினேன்.

"அழுகாத அம்மணி, நகுரு" என்று உட்கார்ந்தவள், கால்மணி நேரத்தில் எடுப்பாக ஒரு குளம் கட்டிவிட்டாள். பூவைத் தூவிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தாள். "நாங் கட்டுனேன்னு ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

சாயங்காலம் சொந்தமெல்லாம் கூடியது. சித்தப்பா குளத்தைச் செல்போனில் படம் எடுத்தார். பெரியப்பா என் முதுகில் தட்டி, "பாருங்க, நம்ம அம்மணி கட்டுனதுங்க" என்றார். அத்தைக்கும் கொஞ்சம் பாராட்டு கிடைக்கட்டுமே என்று எனக்குப் பெரிய மனசு! "நானில்லீங்க, அத்தைதானுங்க கட்டுச்சு" என்று கத்தினேன். அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அவளையேன் இதுல கைய வெக்க உட்டே?" என்று என்னை அதட்டிய பெரியப்பா, காலாலேயே கரையைத் தள்ளினார். சித்தி அவசரமாக வேறு சாணி கொண்டுவந்து இன்னொரு குளம் கட்டினாள். கன்று அதை மிதித்தது.

என் வேலையை நானே செய்யாததற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். வீட்டுப்பாடத்தை அக்கா எழுதிக்கொடுத்தால் டீச்சர் திட்டுவதில்லையா, அதுபோல. விறுவிறுவென்று அடுப்படியில் இருந்த அத்தையிடம் போனேன்.

"உங்களாலதான் திட்டு வாங்குனேன். அடுத்த நோம்பிக்கு நானே கட்டிக்கறேன். நீங்க பட்டிக்கு வராதீங்க."

அத்தை என் கையில் காய்ந்திருந்த சாணியைக் கழுவிவிட்டாள். "செரி சாமி, வரல" என்றாள்.

மறுநாள் காலையில் அதே பட்டியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எனக்கும் எதுவும் தோன்றவில்லை, டம்ளரை நீட்டினேன்.