வெள்ளிதோறும் தவறிய துடிப்பு

கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கொழும்பு பஸ்கள் மறுபடியும் ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாட்களில், கற்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டில் இது நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் நெஞ்சின் இடது பக்கத்தில், தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவான ஒரு கருவியை வைத்திருந்தார்கள். இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கினால், மின் அதிர்ச்சி கொடுத்து அதைச் சரிப்படுத்துவது அந்தக் கருவியின் வேலை.

அதோடு கட்டிலருகில் வைக்க ஒரு சின்னப் பெட்டியும் தந்தார்கள். நெஞ்சிலிருக்கும் கருவி பதிந்து வைத்ததையெல்லாம், நான் தூங்கும்போது அந்தப் பெட்டி வாங்கிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். போன் வேலை செய்வது போலத்தான் அதுவும் என்றார்கள். இனி அடிக்கடி கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை என்று எனக்குச் சந்தோஷம். என் மனைவிக்குத்தான் அந்தப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தால் ஒரு கூச்சம். உடுப்பு மாற்றும்போது அதன் மேல் ஒரு துவாயைப் போட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் வேலை செய்யும் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஒரு சிங்களத் தாதி. தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் ‘நானா’வையும் சேர்த்துப் பேசினார்.

“நானா, நேத்து பகல் சுகமில்லாம வந்ததா? மயக்கம், படபடப்பு?”

“இல்ல மிஸ். நேத்து வெள்ளி. பள்ளிக்குப் போய் வந்து நல்லாச் சாப்பிட்டுப் படுத்தேன்.”

“என்ன சாப்பிட்டது?”

“பிரியாணி இல்ல மிஸ், சோறும் மீனாணமும்தான்.”

சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முந்திய நாள் பகல், பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை தொடங்கச் சற்று முன்பாக, மிக வேகமான ஏதோ ஒன்றைக் கருவி பதிந்திருக்கிறது. ஆனால் அது இதயம் அடிப்பது போலவும் இல்லையாம். எனக்கோ ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே போன் வந்தது. அதற்கடுத்த முறை டொக்டரே பேசினார். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரில் வெடிப்பு விழுந்திருக்கலாம் என்றார். அப்படியானால் வயரின் இரைச்சலைத் துடிப்பு என்று கருவி நினைத்து, நான் சுகமாக இருக்கும்போதே அதிர்ச்சி கொடுத்துவிடும். மறுபடி நெஞ்சைத் திறந்து வயரை மாற்ற வேண்டி வரும்.

கொழும்புக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். வயரில் ஒரு குறையும் தெரியவில்லை. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமை பார்த்து வயர் வெடிக்காதே” என்றார். நானும் தலையாட்டினேன். தொடர்ந்து இப்படி வந்தால் சத்திரசிகிச்சைதான் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களில் என் மனம் இருந்த நிலையை எப்படிச் சொல்வது? உடம்பு ஒன்றுமில்லை என்கிறது. பெட்டி ஏதோ இருக்கிறது என்கிறது. இரண்டில் எதை நம்புவது? பொருளை அதனதன் இடத்தில் வைத்துப் பழகிய ஆள் நான். இந்த ஒரு விஷயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் வழக்கமாக எங்கே இருப்பீர்கள் என்று தாதி கேட்டதற்கு, பள்ளியில் என்று சொல்லியிருந்தேன். எனவே பள்ளியில் எதுவோ என் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

நான் வழக்கமாக முன் வரிசையில், குத்பாப் பிரசங்கத்துக்கான ஒலிபெருக்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருபவன். அடுத்த வெள்ளி, செருப்புக் கழற்றும் இடத்துக்கு அருகே கடைசி வரிசைக்குப் போனேன். மனைவியின் தம்பி இதைக் கண்டுகொண்டு, வீட்டுக்கு வந்தும் சும்மா விடவில்லை.

“என்ன மச்சான், குத்பா நீண்டா உங்கட கல்புக்கே பொறுக்கல்ல போல!”

“வாய மூடு. இதயத்தப் பத்தி வெளாடாத,” என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை மறுபடி போன் வந்தது.

அதன் பிறகு வந்த வெள்ளி, நோயாளிக்குச் சலுகை இருக்கிறதுதானே என்று பள்ளிக்கே போகவில்லை. வீட்டிலேயே பகல் தொழுகையான லுஹர் தொழுதேன். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா கேட்டது. ஊரெல்லாம் அங்கே இருக்க, நான் மட்டும் அறைக்குள் இருந்தேன். இனிமேல் இப்படித்தானோ என்று கண் கலங்கியது. ஆனாலும் ஒரு நிம்மதி. இந்த முறை ஒன்றும் வராது.

வந்தது.

“நானா, பள்ளிக்குப் போனதா?” என்று கேட்டார் தாதி.

“இல்ல மிஸ்.”

அவர் மெல்ல, வரும் புதன்கிழமை சத்திரசிகிச்சைக்கு ஒழுங்கு செய்திருக்கிறார்கள், முதல் நாளே வந்து படுக்க வேண்டும் என்றார்.

நான் கடைக்குப் புறப்படவிருந்த நேரம் அது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, போனை வைத்ததும் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நேத்து விடிஞ்சதிலிருந்து என்ன செஞ்சீங்க? ஒண்டொண்டாச் செல்லுங்க.”

“தோட்டத்துக்குப் போனேன். வெங்காயத்துக்குத் தண்ணி விட்டேன். ஊட்டுக்கு வந்து தொழுதேன்.”

“குளிக்கல்லயா?”

“குளிக்காமலா? வெள்ளிக்கிழமதானே.”

“எங்க குளிச்சீங்க?”

“தோட்டத்துத் தொட்டியில.”

“மோட்டரப் போட்டுட்டா?”

“ஓம்.”

அவள் என்னையே பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மற்ற நாட்களில் வீட்டுக் குளியலறையில் வாளித் தண்ணீரில் குளிப்பேன். கடைக்கு வெள்ளிதான் லீவு என்பதால் அன்று தோட்டம் என் பொறுப்பு. தண்ணீர் விட்டு முடிந்ததும் சீமெந்துத் தொட்டிக்குள் வெறுங்காலுடன் இறங்கி, மோட்டர் ஓட ஓட, இரும்புப் பைப்பின் வாயைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுப்பேன். ஜும்ஆவுக்கு முன் குளிப்பது மூச்சு விடுவது போல. அதை ‘செய்தேன்’ என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிக்குப் போகாத அன்றுகூட வழக்கம் விடாமல் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

உடனே தாதிக்குப் போன் எடுத்தேன்.

“ஐயோ நானா! இத ஏன் முதல் சொல்லல்ல?”

“நீங்க குளிக்கிறதப் பத்திக் கேட்கல்லயே மிஸ்.”

“மோட்டர் தொட வேணாம்! ஆள் கூப்பிட்டுப் பாருங்க!”

மனைவியின் தம்பி போய், நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் மின்சார வேலைக்காரரைக் கூட்டிவந்தான். மோட்டரை ஓடவிட்டு, பைப்பில் டெஸ்டரை வைத்தார் அவர். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கடற்காற்றில் எர்த் வயர் மண்ணோடு மண்ணாக அரித்துப் போயிருந்தது. மோட்டரின் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்புக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. விரல்களில் சில வேளை கூசும். வெங்காயம் பிடுங்கிய கை, வெடிப்பில் தண்ணீர் படுகிறது என்று விட்டுவிடுவேன். என் தோல் கணக்கில் எடுக்காத அந்த மின்சாரத்தைத்தான் நெஞ்சிலிருந்த கருவி துடிப்பென்று நினைத்துப் பதிந்திருக்கிறது.

“இன்னும் கொஞ்சம் கூடி வந்திருந்தா, தொட்டிக்குள்ளயே ஆள் முடிஞ்சி நானா,” என்றார் பாஸ்.

சத்திரசிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். வயரில் பிழையில்லை; இதயத்திலும் புதிதாக ஒரு பிழையும் இல்லை. டொக்டர் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். மச்சானும் அன்று மாலை முழுக்கச் சிரித்தான். வீட்டில் சிரிக்காமல் இருந்தது என் மனைவி மட்டும்தான். பெரிய ஆபத்து நீங்கியது என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, அவளும் சொல்லட்டும் என்று முகத்தைப் பார்த்தேன்.

“மத்த நாளெல்லாம் அந்த மோட்டரப் போடுறது நான்,” என்றாள். “எனக்கு ஏதும் நடந்திருந்தா ஆரு போன் எடுக்கிற?”

அவள் ரப்பர் குழாயைப் பைப்பில் பொருத்திவிட்டுப் பிறகுதான் மோட்டரைப் போடுவாள். தண்ணீர் ஓடும்போது இரும்பைத் தொட மாட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்து அப்படிச் செய்யவில்லை. அது அவளுடைய கைப்பழக்கம், அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் அந்த ஒழுங்கு மாறியிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

எல்லோரும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில், ஒருவரும் பார்க்காத இடத்தில் தினமும் நின்றவள் அவள். அவளுக்காகப் போன் எடுக்க எந்தப் பெட்டியும் இல்லை என்பதால்தான், சுகமாக இருக்கிறேன் என்று அவள் சொல்லும்போதும் ஒரு முறைக்கு இரண்டு முறை விசாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.