எண்பதாம் எண் கதவு

போனில் எங்கள் குடும்ப வீடியோக்கள் இருக்கும் வலைப்பக்கத்தைத் திறந்தால், முகவரிக்கு இடப்புறம் கடுகளவு ஒரு பூட்டு தெரியும். என் அண்ணி மாட்டிவிட்டுப் போன பூட்டு அது. சில மாதங்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அண்ணி இறந்த பிறகும் தவறாமல் அது நடந்துகொண்டிருந்தது. போன மாதம் ஒருநாள் பூட்டைக் காணோம். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. பாரிஸிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "என்னடா ஆச்சு? பாப்பா அவங்கம்மாவப் பாக்கணும்னு அழுவுறா."

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் பெயின்ட் கடை. மாடியில் டிவிக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணி வீட்டு சர்வராக ஆக்கியிருந்தார். ஆய்வகத்தில் ரத்த சாம்பிள்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை அவருக்கு. அந்தக் கண்டிப்பு வீட்டிலும் இருக்கும். ஒவ்வொரு வேலையையும் கன்டெய்னர் என்று தனித்தனி அறைபோல அடைத்து வைத்திருந்தார்: படம் காட்டுவது ஒன்று, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடுவது இன்னொன்று. "ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடக் கூடாது தம்பி" என்பார். மறைந்துபோன என் அம்மா தெரியும் பழைய கேசட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தார். எனக்கு அது வேலையற்ற வேலையாகப் பட்டது.

அப்பா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. தன் அறுபதாம் கல்யாண வீடியோவைப் பார்க்க ஆசைப்பட்டார். போனில் ஏற்றித் தருவதாக அண்ணி சொன்னார். அப்பா கேட்கவில்லை. "பெரியவன் கூட சேந்துதாம்மா பாப்பேன். அவன் அங்க, நான் இங்க, ஒரே நேரத்துல." அண்ணனுக்கு அப்போது விடுப்பு கிடைக்கவில்லை. அண்ணியின் பெட்டியால் அது முடியும். ஆனால் அதை வெளியுலகுக்குத் திறக்க வேண்டும்.

"பூட்டெல்லாம் எதுக்கு அண்ணி, சும்மா தெறந்து வுடுங்க. யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"நான் பாப்பாவக் குளிப்பாட்டுற வீடியோவும் அதுலதான் இருக்கு தம்பி. தெருவுல வெச்சா குளிப்பாட்டுவோம்?"

பூட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். முகவரி நம்முடையதுதானா என்று அறிய, அதைத் தருபவர்கள், இணையத்திலிருந்து வீட்டுக்குள் வரும் எண்ணிட்ட கதவுகளில் எண்பதாம் எண் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அண்ணியின் பெட்டி பதில் சொல்ல வேண்டும். கதவுகளைத் திருப்பிவிடும் ரவுட்டர் என் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தார். "எண்பது, நானூத்தி நாப்பத்தி மூணு, ரெண்டையும் என் பொட்டிக்குத் திருப்பிடுங்க தம்பி." பெரிய எண்ணை, பக்கம் திறக்கும் கதவை, ரவுட்டர் ஏற்றுக்கொண்டது. எண்பதைக் கொடுத்தால், அது ஏற்கெனவே கடைக் கேமராவிடம் இருப்பதாகத் திரை சொன்னது. எதிரே ஒருவர் ப்ரைமர் கேட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்று போதாதா என்று நினைத்து, "ஆச்சு அண்ணி" என்றேன்.

கொழுந்தன் சொன்னதைக் கடையில் வந்து சரிபார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அண்ணி என் வார்த்தையை நம்பி, சான்றிதழ் வராத கோளாறைத் தன் கோப்புகளுக்குள்ளேயே மூன்று நாள் தேடினார். பாதி சாப்பாட்டில் எழுந்து போய் ஏதோ தட்டிப் பார்ப்பார். மறுபடி தோற்று வருவார். நான்காம் நாள் காலையில் அப்பா போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலும் நான் சொன்னேன். "பூட்டு பூட்டுன்னே அவரோட கடைசி ஆசைய மண்ணுல போட்டுட்டீங்க." அண்ணி தலை குனிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் அப்புறம் பல மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பதினாறாம் நாள் முடிந்த வாரத்தில் பூட்டு தானாகக் கைகூடியதுபோல வந்துவிட்டது. அன்று அண்ணி என் போனை வாங்கி, "கேமராவுல சின்னதா ஒண்ணு மாத்தணும்" என்று ஏதோ செய்து கொடுத்தார். நான் ஏனென்று கேட்கவில்லை.

அண்ணி புற்றுநோயில் போய் ஒரு வருஷமாகிறது. அண்ணன் மகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். சில மாதம் முன்பு ரவுட்டர் பழுதாகிப் புதிது வந்தபோது, பெரிய எண்ணை மட்டும் திருப்பிவிட்டு, எண்பதைக் கேமராவுக்கே கொடுத்திருந்தேன். பழைய சான்றிதழுக்கு இன்னும் நாள் இருந்ததால் பக்கம் திறந்தது, அதோடு விட்டுவிட்டேன். இப்போது பூட்டு போனதும்தான் அண்ணியின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நடுவில் ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'எண்பது கேமராவிடம் இருந்தது. வேறு எண்ணுக்கு மாற்றியாச்சு. தம்பிக்குத் தெரிய வேண்டாம்.'

ப்ரைமர் கேட்டவரின் முகம்கூட நினைவுக்கு வந்தது. அன்று நான் சொன்ன 'ஆச்சு'தான் அத்தனைக்கும் காரணம். காரணம் தெரிந்த பிறகு, அதே சொந்தக்காரர்கள் முன் என்னை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம் அண்ணி. செய்யவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா அவ" என்றார். போனை வைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேமராவை வேறு எண்ணுக்கு மாற்றி, எண்பதை அண்ணியின் பெட்டிக்குத் திருப்பினேன். சான்றிதழ் வந்தது. கடுகளவு பூட்டு பழைய இடத்தில் நின்றது. "பாப்பா, வாம்மா, அம்மா வந்துட்டாங்க" என்று அண்ணன் கூப்பிடுவது கேட்டது.

அண்ணியின் குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'தம்பிக்குத் தெரிந்துவிட்டது அண்ணி. அண்ணனிடமும் சொல்லியாச்சு.'