ராத்தாவின் வயலும் யாப்பின் பின்னிணைப்பும்

தோப்பூரில் என் மூத்த சகோதரியான ராத்தாவின் வயலுக்குள் மூன்று எல்லைக்கற்கள் முளைத்திருக்கின்றன என்று அவரிடமிருந்தே தொலைபேசி வந்தபோது, நான் துறைமுக வீதித் தேநீர்க் கடையில் அரசியல் யாப்பு என்கிற நாட்டின் அடிப்படைச் சட்டத்தைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் அரசுத் திணைக்களம் நட்டுவிட்டுப் போயிருந்தது. அது அரசாங்கமே அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி. மச்சான் மௌத்தாகி அடக்கிய பிறகு ராத்தாவின் சீவியம் அந்த இரண்டு ஏக்கரில்தான். மழைக்கு முன் உழாவிட்டால் இந்தப் போகம் போய்விடும்.

பயப்பட வேண்டாம், காணி மாகாணத்துக்குரிய அதிகாரம், யாப்பிலேயே இருக்கிறது, நான் பேசுகிறேன் என்று அடித்துச் சொன்னேன். போனை வைத்த கை தட்டி, பாதித் தேநீர் இடுப்புச் சாரத்தில் கொட்டியது. இதுவும் யாப்பில் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார்.

மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் பிடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அப்படி யாருமே இல்லை. தேர்தல் நடந்து எத்தனையோ வருடம். கட்டடம் இருக்கிறது, வாகனங்கள் இருக்கின்றன, ஆளுநர் இருக்கிறார். நாங்கள் தெரிந்தெடுத்த ஒரு மனிதர் இல்லை. ஆகவே யாப்பின் பக்கங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு, ராத்தாவோடு காணி அலுவலகத்துக்குப் போனேன்.

வரிசையில் நின்றபடிதான் முழுவதையும் வாசித்தேன். மாகாண அதிகாரங்களின் நிரலில் காணி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வாலில், பின்னிணைப்பில் சொன்ன அளவுக்கு மட்டும் என்கிறது. பின்னிணைப்பைப் புரட்டினால் அரச காணி குடியரசுக்கே என்கிறது. அதற்கும் கீழே, தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படுமாம். அதை எழுதும்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது மீசைக்கு மை பூசுகிறேன், ஆணைக்குழு இன்னும் பிறக்கவில்லை.

அலுவலர் மரியாதையான மனிதர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று சொல்ல இயலாது என்றார். வீட்டில் பேச்சை ஒத்திகை பார்த்துவிட்டு வந்த நான் தலையாட்டினேன். வெட்கம், நன்றிகூடச் சொன்னேன்.

ராத்தா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மேசையில் வைத்தார். "சேர், எங்கட வயல ஆருக்கிட்டக் கேக்க வேணும் எண்டு இதில எழுதியிருக்கா? அந்த ஆளக் காட்டுங்க, நானே போய்க் கேக்கிறன்."

அலுவலர் தாளை மடித்து ராத்தாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

பழைய யாப்பு இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் விவாதிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உடுத்திப் பார்த்தால்தானே அளவு தெரியும்? ஒரு பக்கத்தில் தந்ததை மறுபக்கத்தில் பறித்த காகிதம் அது. மிஞ்சியதையும் தேர்தல் வைக்காமல் பறித்துக்கொண்டார்கள். புதிதாக எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ராத்தா கேட்டால் பதில் சொல்ல, அவர் வாக்குப் போட்டு அனுப்பிய ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் ராத்தா சொன்னார்: "நாளைக்கு உழவு மெசின் வருது. நீயும் வந்து வரம்பில நில்லு."

"பொலிஸ் பிடிச்சிட்டுப் போனா?" என்றேன்.

"நீ கதைக்காம நிண்டா ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்க, தம்பி."

போனேன். மெசின் கற்களுக்கு அந்தப் பக்கமும் உழுதது. வீதியில் வாகனச் சத்தம் கேட்டதும் நான் காய்ந்த வாய்க்காலுக்குள் குதித்துவிட்டேன். மீன் லொறி. ராத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; விதைநெல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.