ஒன்றேகால் மணி நேர ஊர்

கொழும்பிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் நிம்மதியாகச் சாப்பிடவே முடியாது. தட்டை நீட்டுவார்கள், பொட்டலத்தைப் பிரிப்போம், அதற்குள் இன்னொருவர் வந்து தட்டைத் திருப்பிக் கேட்பார். மொத்தமே ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் ஒரு நாடு முடிந்து, கடல் முடிந்து, இன்னொரு நாடு வந்துவிடுகிறது.

கொழும்பில் உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். கூட வேலை செய்யும் நிமல் சிங்களக்காரர். நான் சேர்ந்த அன்றே, "கெதர கொஹெத?" என்றார். வீடு எங்கே என்று கேட்கிறார். செஞ்சி என்றால் அவருக்கு என்ன தெரியும்? விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்றேன். "அப்ப நீங்க கிட்ட. நான் தூரம். பதுளைக்கு ரயில்ல ஒம்பது மணி நேரம்" என்று உடைந்த தமிழில் பொறாமைப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதே பதில். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன், அதுதான் வினை.

என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மேல்மலையனூர் கோயிலில், பகல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு மாமன் நான் ஒருவன்தான். என்னைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறது. "முந்தின நாளே வந்துடுண்ணா" என்றாள் செல்வி. "ஒன்னேகால் மணி நேரம்டீ, காலைல கெளம்பி வந்துடறேன்" என்றேன். அன்று அமாவாசை, அந்தக் கோயிலில் கூட்டம் நெரியும் நாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இலங்கையில் மாதாமாதம் பௌர்ணமிக்குத்தான் விடுமுறை. இரண்டு வருஷமாக அந்த நிலாவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எட்டேகாலுக்குச் சென்னையில் இறங்கிவிட்டேன். வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே செஞ்சி வந்தபோது மணி பன்னிரண்டரை. வளத்தி தாண்டியதும் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஸ்பெஷல் பஸ்கள். செல்வி போன் செய்தாள்.

"எங்கண்ணா இருக்கிற?"

"வளத்தியாண்ட."

"இன்னும் வளத்தியாண்டயா? மொட்ட அடிச்சாச்சு. மாமனாரு கோச்சிக்கினு எல்லாரையும் இட்டுக்கினு பூட்டாரு. வேற யாரையாச்சும் ஒக்கார வெக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். காது குத்துற பத்தரைக் கையக் கால புடிச்சி நிறுத்தி வெச்சிருக்கேன். ஓடியாண்ணா."

இறங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். என்மேலேயே அப்படி ஓர் எரிச்சல். கடலைத் தாண்டி வந்தவனுக்குக் கடைசி நாலு கிலோமீட்டரைத் தாண்ட வக்கில்லை.

போய்ச் சேரும்போது மூன்று மணி. வேப்பமரத்தடியில் செல்வி, அவள் புருஷன், பத்தர், சந்தனம் காய்ந்த மொட்டைத் தலையோடு குழந்தை. வேறு யாரும் இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒக்காருண்ணா" என்றாள், அவ்வளவுதான். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, குத்துவதைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைத்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. உடம்பை முறுக்கி, இரண்டு கைகளையும் அம்மா பக்கம் நீட்டி, மூச்சுக் கட்டி அழுதது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாமன் வேலையே அதுதானே.

"வலிக்குதாடீ கண்ணு? ஆச்சு, ஆச்சு, முடிஞ்சிட்ச்சு" என்று செல்வி திரும்பாமலே சமாதானம் சொன்னாள்.

பத்தர் என்னை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார்.

"நான் இன்னும் ஊசியே எடுக்கலியேம்மா" என்றார்.